பட்டாளத்தார் வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அதற்குமேல் அவளைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

உன் ஆபீசர் மூலம் செய்தி வந்திருக்கும். பாதை பனியில் மூடிக்கிடப்பதால் உன்னை அனுப்ப வழியில்லை என்று எங்களுக்கும் தகவல் வந்தது. எல்லாம் முடிந்து ஒரு வாரமாகிவிட்டது. எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாமா, அதனால் எழுதுகிறேன்.

அப்பா காலையில் காய்கறி வாங்கப் போனார். திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே செருப்புக் கடைக்காரர், "என்ன பட்டாளத்தாரே, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "இல்லப்பா, ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்" என்றாராம். பைகள் கவிழ்ந்துவிடாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார். கடைக்காரர் தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பையில் இருந்த தக்காளியில் ஒன்றுகூட நசுங்கவில்லை. அம்மா அந்தக் காய்களை யாரையும் தொடவிடவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே எடுத்துச் சமைத்தாள்.

முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் வந்திருந்தார். செப்டம்பரில் சங்கம் கூடும்போது, இந்த வருடம் போனவர்களைப் பற்றி வீட்டிலிருந்து ஒருவர் பேச வேண்டுமாம். அம்மா முடியாது என்று உள்ளே போய்விட்டாள். ஆக, நான்தான். எனக்கு அப்பாவைத் தெரியும். பட்டாளத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் முழிக்கிறேன். நீ அந்த வேலையில் இருப்பவன். தெரிந்ததை எழுதி அனுப்பு.

உன் மருமக்கள் இருவரும் உன்னைக் கேட்டார்கள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீராமல் பார்த்துக்கொள். இங்கே போன் மாதக்கணக்கில் வேலை செய்யாது. ஹெலிகாப்டர் இறங்கினால் தபால் வரும், இல்லையென்றால் இல்லை. பதில் தாமதமானால் பயப்படாதே.

செய்தி சொன்னபோது நான் கூரைமேல் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். ஆபீசர் கீழே இறங்கச் சொன்னார். கேட்டுவிட்டு மறுபடியும் ஏறிப் பாக்கியைத் தள்ளி முடித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பாவின் பட்டாள வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்கிறாய். நான் சேர்ந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசிய வார்த்தைகளை ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிவிடலாம். "வந்தியா", "சாப்பிட்டியா", "எப்ப கிளம்பற". நான் முதல்முறை கிளம்பிய நாளில் குடிநீர்ப் பம்ப் ஹவுஸுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போனவர் அவர்.

கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அதை மட்டும் எழுது.

தம்பி


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்று. சின்னவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

சங்கத்தில் பேசுவதற்கு எழுத உட்கார்ந்தேன். பட்டாளம் என்று தலைப்புப் போட்டேன். அதற்குக் கீழே வந்ததெல்லாம் வீட்டு விஷயம்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி விழுந்தால் அப்பா பம்ப் ஹவுஸில் மாற்றி ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். வீட்டில் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய சட்டம். என் தலையைப் பின்னியது அவர். வலது கையில் இரண்டு விரல் இல்லாமல், இடது கையால் பின்னி ரிப்பன் கட்டுவார். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாயும். பள்ளிக்கூடத்தில் எனக்குச் 'சாஞ்ச சடை' என்றே பெயர். "நேராப் பின்னுங்கப்பா" என்று அழுவேன். "தலையைக் கொஞ்சம் சாச்சு நட, சரியாயிடும்" என்பார்.

அந்த விரல்கள் எப்படிப் போயின? உனக்குத் தெரியுமா? என்னிடம் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். உன்னிடம் அடகுக்கடையில் இருப்பதாகச் சொன்னார் என்று நினைவு. என் பிள்ளைகளிடம், "மூக்கை நோண்டினேன், உள்ள மாட்டிக்கிச்சு" என்றார். அதற்குப் பிறகு இரண்டும் மூக்கில் கை வைப்பதில்லை. அம்மாவிடம் கேட்டேன். "போன விரலுக்கு இப்ப என்ன?" என்றாள்.

உன் பழைய சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பனி விட ஆரம்பித்திருக்கிறது. கீழே பாதை திறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சின்னவனைத் தூக்கிக் கொஞ்சியதாகச் சொல்.

விரல் விஷயம் தெரிந்துவிட்டது. கீழ் முகாமில் கேன்டீன் நடத்துகிறவர் பழைய பட்டாளத்துக்காரர். ரேஷன் எடுக்கப் போனபோது ஊர், பேர், அப்பா என்று விசாரித்துக்கொண்டே வந்தவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "ஊசிக்காரர் மகனா நீ?" என்றார். அப்பாவுக்கு அங்கே அதுதான் பெயராம். யூனிட்டில் யாருக்குப் பட்டன் போனாலும் அப்பாதான் தைத்துத் தருவாராம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாங்க பாலம் போடற யூனிட். இரும்புச் சட்டத்தை ஆறேழு பேர் தூக்கி மாட்டணும். மழை. ஒரு பக்கம் கால் வழுக்கிச் சட்டம் இறங்கிடுச்சு. கீழ ஒருத்தன் ஆணி பொறுக்கிட்டு உக்காந்திருக்கான், புதுப் பையன். உங்கப்பா கையைக் கொடுத்துத் தாங்கிட்டார். கத்தல. 'டேய், நகரு'ன்னார். அவன் என்ன ஏதுன்னு பார்த்து நகர்ந்த அப்புறம்தான் கையை எடுத்தார்."

"அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

"கேன்டீன் வச்சிருக்கேன்" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். வெயில் ஏறிவிட்டது. அம்மா மதியம் கொஞ்சம் கண் அசருகிறாள், அதுவே பெரிய விஷயம்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்து முடித்ததும், "பாலம்னு தெரியும். பையன்னு தெரியாது" என்றாள். பிறகு, "அந்த ஆளுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டாள். தெரிந்தால் எழுது.

பேச்சுக்கு இப்போது நல்ல விஷயம் கிடைத்துவிட்டது. சங்கச் செயலாளரிடம் சொன்னேன். "எங்க பக்கத்து நாற்காலியில இத்தனை வருஷம் உக்காந்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்" என்று அடித்துக்கொள்கிறார்.

அப்பாவின் கண்ணாடி, கைக்கடிகாரம் இரண்டையும் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். லீவு எப்போது?

அன்புடன்,
அக்கா


ஜூன் 17

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் தாமதமாகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், நானும் அம்மாவிடம் அதையேதான் சொல்கிறேன். ஆனால் பனி உருகிய பிறகு என்ன தாமதம் என்று அவள் கேட்கிறாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லி மாடிப்படி இறங்கித் தெருமுனையில் நிற்கிறாள். மருந்து ஒன்றும் வாங்கி வருவதில்லை.

என்மேல் கோபமென்றால் அதையாவது எழுது. இரண்டே வரி போதும்.

அக்கா


ஜூன் 28

அன்பும் பாசமும் நிறைந்த அக்காவுக்கும், மதிப்பிற்குரிய அம்மாவுக்கும்,

தம்பியின் பணிவான வணக்கம். நான் மிகவும் நலமாக இருக்கிறேன். தாங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். எனக்குக் கை லேசாகச் சுளுக்கிக்கொண்டிருப்பதால் இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல நண்பன் எழுதுகிறான். வேறொன்றும் இல்லை. இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. காற்றும் நன்றாக இருக்கிறது. எங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பதால் கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. யாரும் கவலைப்பட வேண்டாம். கேன்டீன்காரருக்கு இரண்டு பெண்கள், இருவருக்கும் திருமணமாகிவிட்டது. லீவு கிடைத்ததும் நானே தெரிவிக்கிறேன். புறப்பட்டு யாரும் வர வேண்டாம்.

என்றும் தங்கள் அன்புள்ள,
தம்பி


ஜூலை 9

தம்பி,

இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்கு முன்னால் அம்மா வந்து சேர்ந்திருப்பாள். ஆனாலும் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. 'மதிப்பிற்குரிய அம்மா' என்று படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சுளுக்கு என்ற இடம் வந்ததும் அம்மா, "மறுபடியும் படி" என்றாள். படித்தேன். கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். எழுத்தை, மடிப்பை, முத்திரையை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"உன்னை வயித்துல வச்சிருக்கேன். ஆறு மாசம். உங்கப்பாகிட்டேருந்து லெட்டர் வந்துச்சு, வேற கையெழுத்துல. கை லேசா சுளுக்கிக்கிச்சு, சிநேகிதன் எழுதறான்னு. நான் நர்சு வேலைக்குப் படிச்சவ. நம்பிட்டேன். அடுத்த லெட்டரும் அதே கையெழுத்து. சுளுக்கு எவ்வளவு நாளைக்குடி இருக்கும்? அப்பவும் நம்பினேன். நீ பிறந்த அப்புறம்தான் வந்தார். பாக்கெட்லேருந்து வலது கையை எடுக்காமலே தொட்டில்கிட்ட நின்னு பாக்கறார். எனக்கு ஆத்திரம். 'பெத்த பிள்ளைய வாங்க மாட்டீங்களா'ன்னு நீட்டினேன். அப்பத்தான் எடுத்தார்."

கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். "அப்ப எனக்கு வயசு பத்தாது, நம்பினேன். இப்பவும் நம்பணுமா?" என்று எழுந்து பெட்டியை எடுத்தாள்.

நான் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். அவர் யார் யாரையோ போனில் பிடித்து, சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "உயிருக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றார்.

"உயிருக்கு இல்லைன்னா, எதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

அவர் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்றும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு, "எந்த ரயில்ல போகணும்?" என்றாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா உன்னையும் சேர்த்துப் பாக்கணும். வேண்டாம்" என்றாள். இன்று காலை ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதை அம்மாவிடமே கேள். எனக்கு எழுத வரவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று நேராகவே கேட்கிறேன். நேராகப் பதில் எழுது.

அக்கா


ஜூலை 15

மகளுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசினால் நீ அழுவாய், எனக்குப் பேச்சு ஓடாது. அதனால் எழுதுகிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தங்குவதற்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே அறை கொடுத்திருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. நீயும் பிள்ளைகளும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். புண் நன்றாக ஆறிவருகிறது, சீழ் இல்லை. காய்ச்சல் இல்லை. பசி சுமார். தையல் போட்டவன் கைதேர்ந்தவன். நானே கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இங்கே இருக்கும் சிஸ்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மே மாதக் கடைசியில் ரேஷன் ஏற்றிப் போன வண்டி சரிவில் உருண்டிருக்கிறது. இவன் கால் அடியில் மாட்டிக்கொண்டது. சண்டை ஒன்றும் இல்லை.

நான் வார்டுக்குள் போனதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "கை எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். "பரவாயில்லம்மா." "காட்டு." இரண்டு கையையும் நீட்டினான். பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. "சரி, போர்வைய எடு" என்றேன். எடுத்தான். அப்புறம் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் திரும்பிப் படுத்துக்கொண்டான், நல்ல பிள்ளை.

மறுநாள் கேட்டான். "அப்பா கடைசி வரைக்கும் எம்மேல கோவமாத்தான் இருந்தாராம்மா?"

வார்டில் முப்பது வருடம் எத்தனையோ பேருக்கு ஆறுதல் பொய் சொல்லியிருக்கிறேன். இவனிடம் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாடா. சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூடத் திட்டினார்" என்றேன்.

"என்னன்னு?"

"'சர்வீஸ் முடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்னு நெனச்சேன். இவன் என்னை மறுபடியும் சென்ட்ரி காவல் நிக்க வச்சுட்டான்'னார். நீ போன நாள்லேருந்து அந்த மனுஷன் முழுசாத் தூங்கலடா. எழுந்து எழுந்து உக்காந்துக்குவார். கேட்டா வாயுத் தொல்லைம்பார்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மதியம் வைத்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். வந்ததிலிருந்து அன்றுதான் முதல்முறை என்று சிஸ்டர் சொன்னாள்.

குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அங்கே நர்சுகளுக்குப் பாடம் எடுக்காமல் பார்த்துக்கொள்.

அம்மாவின் கடிதத்தை நானும் பல தடவை படித்துவிட்டேன். அப்பா சொல்லி நான் கேட்டதெல்லாம் பாதிதான். உன் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். ஒருநாள் உன் கடிதத்தைப் படித்துக் காட்டப் போனேன். "எனக்கு வேண்டாம். உயிரோட இருக்கானா, அதை மட்டும் சொல்லு" என்று சிடுசிடுத்தார். நீ கேட்டபோது இதைத்தானே எழுத வேண்டும்? எழுதினால் உனக்கு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது திரும்ப நினைத்தால், அவர் கேட்டதும் அதுதான், நான் இத்தனை மாதமாகத் தபால்காரரிடம் கேட்டதும் அதுதான்.

ஒரு நல்ல செய்தி. கீழ் வீட்டுத் தையற்காரரிடம் உன் அத்தான் பேசியிருக்கிறார். தையற்காரர், "நான் மாடிக்கு வருகிறேன், நீங்கள் கீழே வந்துவிடுங்கள்" என்று உடனே ஒப்புக்கொண்டார். மிஷின் இரண்டையும் மேலே ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நம் படி குறுகல், செங்குத்து, உனக்குச் சரிப்படாது. நீ வருவதற்குள் மாற்றிவிடுகிறோம். கீழே இருட்டுதான், வெள்ளை அடித்தால் சரியாகிவிடும்.

சங்கத்தில் நீயே பேசுகிறாயா என்று செயலாளர் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன், பார்த்துக்கொள். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். போன் இப்போது தலைமாட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் சிலதைக் காகிதத்தில்தான் சொல்ல வருகிறது.

அந்தச் சுளுக்குக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் பக்கத்துக் கட்டில்காரன். காலேஜில் படித்தவன். 'மதிப்பிற்குரிய' எல்லாம் அவன் கைச்சரக்கு. உண்மையைச் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். வந்த அம்மா என்னைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, வார்டில் மற்ற மூன்று பேரையும் திட்டிச் சாப்பிட வைத்தாள். தாங்காதவன் நான்தான் போலிருக்கிறது.

புதுக்கால் வந்துவிட்டது. முதல் நாள் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். வலிக்கிறது. வலித்தால் அம்மா, "இன்னும் ஒரு நடை" என்கிறாள். அப்பா இரண்டு விரல் இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க எவ்வளவு நாளானது என்று அவளிடம் கேட்டேன். நிறைய நாள் என்றாள். அதுவரைக்கும் கண்டதையெல்லாம் தூக்கி எறிந்தாராம், ஒருமுறை தையல் பெட்டியையே. இதை ஏன் யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை? எறியாத அப்பாவைத்தான் எனக்குத் தெரியும்.

சங்கத்தில் நீ பேசு. தலை பின்னிவிட்டதைப் பேசு, மூக்கில் விரல் மாட்டியதைப் பேசு, யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டத்தைப் பேசு. தலைப்பை மாற்றாதே, பட்டாளம் என்றே இருக்கட்டும். பாலத்தைப் பற்றிக் கேன்டீன்காரர் பேசுவார். ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார், இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. அப்பா என்னோடு பேசாத மூன்று வருடத்தைப் பற்றி இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறேன்.

வீடு மாற்றும் வேலை வேண்டாம். தையற்காரருக்கு வெளிச்சத்தைவிட வாசல்தான் முக்கியம். மாடிக்குப் போனால் யார் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள்? நல்ல மனிதர், கேட்டதும் சரி என்றிருக்கிறார். அதற்காக அவர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது. மிஷினை ஏற்றியிருந்தால் இறக்கிவிடச் சொல்.

நாங்கள் வரும் பன்னிரண்டாம் தேதி மதிய ரயிலில் வருகிறோம். படியில் நான் ஏறிக்கொள்கிறேன். நேரமாகும். நடுவில் உட்காருவேன், ஏதாவது கெட்ட வார்த்தையும் காதில் விழும், பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல். யாரும் பிடிப்பதற்கு இறங்கி வர வேண்டாம். கதவை மட்டும் திறந்து வை.

தம்பி